சும்மா நின்றவரைக் கடித்த நாய்

முதல் சுற்றில் எதையும் வாங்கக் கூடாது, வெறுங்கையோடு எல்லாக் கடையையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வர வேண்டும், பிடித்த பொருள் கண்ணில் பட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கணவர் தங்கராசு சொல்லி அனுப்பியிருந்தார். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு மகுடேஸ்வரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணமான இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அதற்கு ஒரு போட்டி வைத்தால் இந்த மைதானத்துக்கு வந்திருக்கும் முன்னூறு நாய்களையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவளைத்தான் மேடையேற்றிக் கோப்பை கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற பெரிய நாய்க் கண்காட்சி. காலேஜ் மைதானம் முழுக்கப் பந்தல். நடுவில் கயிறு கட்டிய நாலு களம், அதில் நாய்களை ஓடவிட்டு, பல்லைப் பிடித்துப் பார்த்து மார்க் போடுகிறார்கள். சுற்றிலும் மூன்று வரிசைக் கடைகள், நாய்க்கு வேண்டியது வேண்டாதது எல்லாம். ஒலிபெருக்கியில் யாரோ நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்கு அது வலது காதில் மட்டும் கேட்கிறது. இடது காதில் பத்து நாளாகத் தண்ணீர் போன மாதிரி ஓர் அடைப்பு, அதற்குள் ஓயாத இரைச்சல். குனிந்தால் கூடுகிறது. எச்சில் விழுங்கினால் ஒரு நொடி விட்டு மறுபடி வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். தங்கராசு முதல் களத்துக்கு எதிரே நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டார், வலது மணிக்கட்டில் கட்டோடு. கட்டைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். எழுந்தவருக்கு அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. "கை இப்படி இருக்கறப்ப நான் எங்க பை தூக்கறது, நீயே போயி வாங்கிட்டு வா" என்று ஒரு காலண்டர் தாளைக் கொடுத்தார். பின்பக்கம் இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. மசில் ஒன்று. இரும்புச் சங்கிலி பத்தடி. சுழல் கொக்கி, பித்தளை. அதற்குக் கீழே கோடு போட்டு, கண்காட்சியில் எப்படிச் சாமான் வாங்குவது என்று ஒன்று முதல் பதினொன்று வரை.

பதினொன்று. பத்தோடு நிறுத்த மாட்டார். கணபதியில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறார், மோட்டார் பம்புக்கு உடம்பு வார்த்துக் கொடுக்கிற பட்டறை, அங்கேயும் சுவரில் இதே மாதிரி பதினொன்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார், வேலைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வாசலை ஒட்டிய கடையில் வாங்காதே, மூன்றாம் வரிசையில் அதே சரக்கு இருக்கும். பெரிய மூட்டையைக் கடைசியில் வாங்கு, முதலில் வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். தீவனப் பையில் தேதி பார். சும்மா கொடுக்கிற சின்னப் பாக்கெட்டை வாங்கிக்கொள், ஆனால் போன் நம்பர் எழுதிக் கொடுக்காதே, வருஷம் முழுக்கக் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுவான். சைஸ் என்று அவன் சொல்வதை நம்பாதே, வீட்டிலேயே கயிறு பிடித்து அளந்துகொண்டு போ. எல்லாம் சரியான யோசனைதான், எரிச்சலே அதில்தான். இந்த மனுஷர் எப்போதும் சரியாகத்தான் சொல்லுவார், ஒரு யோசனையிலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. பதினொன்றும் சரியாக இருக்கிற மனுஷனோடு சண்டை போட்டால் கேட்கிறவர்கள் யார் பக்கம் நிற்பார்கள். மனசுக்குள் திட்டும்போதுகூட அவளுக்கு மனுஷர் என்றுதான் வருகிறது. கைக்குள் சணல் கயிறு வேர்வையில் நனைந்துவிட்டது. மூன்று முடிச்சு போட்டிருந்தாள். முதல் முடிச்சு வரை மூக்கு, இரண்டாவது வரை கழுத்து, மூன்றாவது வரை மார்பு. நேற்றைக்குச் சாயங்காலமே அவர் சொல்லி அளந்துவிட்டாள். மூக்கைச் சுற்றிக் கயிறு போட்டபோது வீட்டு நாய் பூச்சி அசையாமல் நின்றது, கயிற்றைப் பிடித்திருந்த அவள் விரலை நாக்கால் ஒரு தரம் தொட்டது, அவ்வளவுதான். எதற்காக அளக்கிறாள் என்று அதற்கு என்ன தெரியும். மசில் என்பது நாயின் வாயில் மாட்டுகிற கூண்டு. அது கிடைத்தால் நாளைக் காலை ஆறு மணிக்குக் கிணத்துக்கடவிலிருந்து மச்சாண்டாரின் வண்டி வரும். வாயைக் கட்டாமல் கடிநாயை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், தங்கராசுவின் அண்ணன், அவர் சொன்னால் சொன்னதுதான். அங்கே தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தென்னை. அந்தத் தென்னையில் பத்தடிச் சங்கிலி. பத்தடிக்குள் தின்று, பத்தடிக்குள் படுத்து, அதற்கு இப்போது நாலு வயசு, நாய் பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்கிறார்கள், மீதி எட்டு வருஷம். எட்டு வருஷத்துக்கு வேண்டிய சாமானைத்தான் அவள் கையை வீசிக்கொண்டு பார்த்து வருகிறாள்.

முதல் வரிசையில் நாய்க்குச் சட்டை விற்கிறார்கள், மழைக்கோட்டு, பிறந்தநாள் தொப்பி. ஒரு பெண் தன் குட்டை நாய்க்குக் கண்ணாடி மாட்டிப் படம் எடுத்தாள், நாய் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் வரிசையில் கொக்கிகள். ஏழாவது யோசனை: கொக்கியைக் கல்லில் தட்டிப் பார், கணீரென்று கேட்டால் பித்தளை, மொத்தென்றால் பூச்சு. எடுத்து மேஜைக் கம்பியில் தட்டினாள். கடைக்காரன் முறைத்தான். மறுபடி தட்டினாள், இந்தத் தடவை இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்து. ஒன்றும் இல்லை. இரைச்சல்தான். நல்ல பித்தளையா மட்டமான பூச்சா என்று சொல்ல வேண்டிய காதை அடைத்து அனுப்பிவிட்டு, தட்டிப் பார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே, ஏழாவதாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்பே இல்லை. கொக்கியை வைத்துவிட்டாள். வைத்த கை நடுங்கியது. பத்து நாளாக இப்படித்தான், பாத்திரம் கழுவும்போது, பூக்கட்டும்போது, திடீரென்று கை நடுங்கும். பயம் என்று நினைத்திருந்தாள். இல்லை, இது பயமில்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது, இத்தனை நாய்கள் குரைக்கிற இடத்தில். பயந்தால் கை குளிரும். இது கொதிக்கிறது.

ஒரு போன் பேச்சு, அவ்வளவுதான் விஷயம். மச்சாண்டார்தான் கூப்பிட்டார், தங்கராசு போனை எடுக்கவில்லை என்று அவள் போனுக்கு. மகள் தாரணிக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, வர்ற ஞாயித்துக்கிழமை பார்க்க வரட்டுமா என்றார். தாரணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள், முந்தின நாள்தான் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள், இப்போ வேண்டாம்மா, யாரையும் வரச் சொல்லாதே. அதை அப்படியே சொன்னாள். "வேண்டாமுங் மாமா, தாரணிக்கு இஷ்டமில்லீங்." ஆறு வார்த்தைகூட இருக்காது. தங்கராசு பக்கத்தில் தோசை தின்றுகொண்டிருந்தார். அவள் போனை வைக்கிறவரைக்கும் பொறுமையாக இருந்தார், அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. கோபம் வந்தவன் உடனே எழுந்து வந்து அடித்திருந்தால் அது ஒரு தினுசு. இவர் தோசையைத் தின்று முடித்தார், கை கழுவினார், துண்டில் துடைத்தார், போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தார், அண்ணன் காதில் விழுந்துவிடக் கூடாதல்லவா, பிறகுதான் அடித்தார். "எங்கண்ணங்கிட்ட நான் பேசறதுக்குள்ள நீ எதுக்குடி முந்திட்டுப் பதில் சொல்ற" என்றார். முந்திட்டு. இருபத்தாறு வருஷத்தில் மூன்று தடவைதான் அடித்திருக்கிறார். மூன்றுதான் என்று அவளே எத்தனை பேரிடம் பெருமையாக, இல்லை, யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், எங்க வீட்டுக்காரர் அப்படியெல்லாம் இல்லை, மூணு தடவைதான், கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி மூன்று. அன்றைக்கு முதல் அடி இடது காதில் விழுந்தது. இரண்டாவதுக்குக் கை மேலே போனது. அப்போதுதான் பூச்சி எழுந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை, சமையல்கட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து, மேலே போன கை கீழே வருகிற வழியில் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு நின்றது. உதறவில்லை, குதறவில்லை. அவர் வெடுக்கென்று இழுத்தார், அதில்தான் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. விட்டுவிட்டு அவள் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் என்ன செய்தாள். "ஐயோ, பூச்சி, சனியனே" என்று நாயை அடித்தாள். அவளை அடித்த கைக்குத் துணி சுற்றிவிட்டு, வந்து, நாயை அடித்தாள். அது வாலைக்கூடச் சுருட்டவில்லை, அடி முடிகிறவரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் நினைக்கக் கூடாது என்று நடந்தாள். நடந்தால் நினைப்பு கூடவே நடக்கிறது. இரண்டாம் வரிசை முடிகிற மூலையில் குட்டிகள். எட்டாவது யோசனை, குட்டிகள் பக்கம் போகாதே, மனசு இளகிவிடும், கண்காட்சியில் குட்டி வாங்குகிறவன் மடையன். போனாள். வலைக்கூண்டுக்குள் உருண்டு திரண்ட குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று தூங்குகின்றன. பூச்சி இப்படி வரவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து வந்த கோம்பை நாய் என்று பட்டறைக்கு லாரி ஓட்டி வந்தவர் ஒரு சட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார், உள்ளங்கையளவுதான் இருந்தது, பொழைக்காது என்றார்கள். தாரணிதான் பூச்சி என்று பெயர் வைத்தாள். இப்போது இடுப்புயரச் செவலை நாய்க்குப் பூச்சி என்று பெயர் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கடித்த அன்றைக்கு ராத்திரி தாரணி போனில் கேட்டாள், "பூச்சியாம்மா? பூச்சியா கடிச்சுது? சும்மா நின்ன அப்பாவையா?" அவள் ஆமாம் என்றாள். பிறகு தாரணி, "சரிம்மா" என்றாள். அந்தச் சரிம்மாவில் என்ன இருந்தது. நம்பிவிட்டாளா, நம்பாமல் விட்டுவிட்டாளா. அம்மா பொய் சொன்னால் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளையா அவள். தெரிந்தும் சரிம்மா என்றால், அவளும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டாள் என்று அர்த்தம், அதை யார் பழக்கியது. கூண்டிலிருந்த ஒரு குட்டி கண் திறந்து அவளைப் பார்த்தது. "எடுத்துப் பாருங்க்கா" என்றான் கடைக்காரன். அவள் வேகமாக நகர்ந்துவிட்டாள்.

ஆனால் ஆஸ்பத்திரி. எங்கே சுற்றினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போய் நிற்கிறது. ஊசி போடுகிற இடத்தில் ஒரு நர்ஸ், நெற்றியில் விபூதி, முன்னால் நீளமான நோட்டு. கடித்தது தெருநாயா வீட்டு நாயா, தடுப்பூசி போட்டதா, எங்கே கடித்தது, எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு தங்கராசுவைப் பார்த்து, "சீண்டினீங்களா, தானாக் கடிச்சுதா?" என்றாள். அப்படி ஒரு கட்டம் அந்த நோட்டில் இருக்கிறது. நாய்க்குக் கோபம் வர நீ ஏதாவது செய்தாயா என்று அரசாங்கமே ஒரு கட்டம் போட்டுக் கேட்கிறது. தங்கராசு வாயைத் திறக்கவில்லை. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான், கண்ணைக்கூட உருட்டவில்லை. அவள் சொன்னாள், "தானாத்தானுங் சிஸ்டர். சும்மா நின்னவரைக் கடிச்சிருச்சு." நர்ஸ் கேட்டது அவரை. பதில் சொன்னது இவள். முந்திட்டுத்தான் சொன்னாள். எதற்காக அடி வாங்கினாளோ அதே காரியத்தை, அடி வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாமல், காது கொய்யென்று இரைய இரைய, திரும்பவும் செய்தாள், அப்போது அவர் அதட்டவில்லை, ஏண்டி முந்தற என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினார். அவருக்காகப் பொய் சொல்ல முந்தலாம். மகளுக்காக உண்மை சொல்ல முந்தக் கூடாது. பதினொன்றையும் எழுதினவர் இதை ஒரு யோசனையாக எழுதி வைத்திருந்தால் அவளுக்கு இருபத்தாறு வருஷம் மிச்சமாகியிருக்கும். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டா என்றால் கொண்டு போகிற மாதிரி பொய் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. தானாக. கோபத்தில் பாதி அவர் மேல். மீதிப் பாதியை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது. நர்ஸ் எழுதிக்கொண்டே, "பத்து நாள் நாயைக் கவனிங்க. சோறு திங்குதா, தண்ணி குடிக்குதா, ஏதாவது மாறுதா பாருங்க. பத்து நாள் நல்லா இருந்தாப் பயமில்ல" என்றாள். அவருக்கு மூன்று ஊசி ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி. பூச்சி பத்து நாளும் நன்றாக இருந்தது. சோறு தின்றது, தண்ணீர் குடித்தது, அவள் எங்கே போனாலும் பின்னால் வந்தது. இன்றைக்குப் பத்தாம் நாள். நாயைக் கவனிக்கச் சொன்ன ஆஸ்பத்திரி இந்த மனுஷரைக் கவனிக்கச் சொல்லவில்லை. அவர் சோறு தின்கிறாரா, ஏதாவது மாறுகிறதா. ஒன்றும் மாறவில்லை சிஸ்டர். தோசை தின்கிறார்.

போன் அடித்தது. பழக்கத்தில் இடது காதில் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை, வலது பக்கம் மாற்றினாள்.

"என்ன பண்ற இத்தன நேரம்?" தங்கராசு. பின்னால் கைதட்டல். "இங்க டாபர்மேன் ஓடுது, என்ன ஒழுக்கம் தெரியுமா, மூக்குல கை வெச்சாலும் அசைய மாட்டேங்குது. அதெல்லாம் நாய். மசில் வாங்கிட்டயா?"

"பாத்துட்டு இருக்கறனுங்."

"தோல்ல பாரு. நைலான் வேண்டா, கடிச்சுப் பிச்சிரும். மூணாம் வரிசைக்குப் போ. எண்ணெய் வாசம் அடிச்சா நல்ல தோலு, பெயிண்ட் வாசம் அடிச்சா வேண்டா. அப்புறம் தோலச் சேக்கற ஆணி, ரிவெட்டு, அதப் பாரு."

"செரீங்."

"பேரம் பேசாம வாங்கிராத. மணி பன்னண்டாச்சு, வெயில் ஏறிருச்சு, வெளியூர்க்காரன் மூட்ட கட்ட ஆரம்பிப்பான், இப்பக் கேட்டாக் கொறப்பான்."

செரீங் என்று இன்னொரு தடவை சொன்னாள். செரீங்கும் தானாகத்தான் வருகிறது. மூன்றாம் வரிசைக்குத் திரும்பும்போது ஒரு பெரிய சாம்பல் நிற நாய் குறுக்கே போனது, கன்றுக்குட்டி உயரம். அதைப் பிடித்திருந்தவர், "ஒண்ணும் பண்ணாதும்மா, பயப்படாதீங்க" என்றார். யார் பயந்தது. ஒன்றும் பண்ணாது என்று நாய்க்காரர்கள் எல்லோரும் எவ்வளவு சுலபமாக உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அவள் பூச்சிக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

மூன்றாம் வரிசையில் நாலாவது கடை தோல் சாமான். ஆம்பூர்க் கடை என்று பலகை. முப்பது வயசிருக்கும் ஒரு பெண், தலையில் நீலத் துப்பட்டா, கழுத்தில் அளவு நாடா, ரெஹானா என்று ரசீதுப் புத்தகத்தின் மேல் எழுதியிருந்தது. பின்னால் கம்பியில் வரிசையாக மசில்கள் தொங்கின, தோலில் பின்னியவை, கம்பியில் வளைத்தவை, சின்னதும் பெரியதுமாக, எல்லாம் வாய் திறந்து தொங்கின. மகுடேஸ்வரி கயிற்றை நீட்டினாள். "இந்த மொத முடிச்சு வரைக்கும் மூக்குங்க. தோல்ல ஒண்ணு வேணும்."

ரெஹானா கயிற்றை வாங்கித் தன் நாடாவில் வைத்துப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். கேட்கவில்லை. மகுடேஸ்வரி தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். ரெஹானா ஒரு நொடி அவளைப் பார்த்தாள், பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு வலது பக்கமாக நின்றுகொண்டாள். பத்து நாளில் ஒரே வீட்டில் இருந்தவர்கூட இதைச் செய்யவில்லை.

"எதுக்குக்கா மசில்? டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போகவா?"

"வண்டியில ஏத்தறதுக்கு. கடிக்குதுங்க."

"யாரைக் கடிச்சுது?"

"வீட்டுக்காரரைத்தான்."

"எப்ப? சோறு வைக்கிறப்பவா, தூங்கறப்ப தொட்டாரா, காயம் கீயம் இருந்துச்சா?" ரெஹானா ஒரு மசிலைக் கம்பியிலிருந்து கழற்றினாள், ஆனால் கையில் கொடுக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. இதைக் கேக்காம நான் மசில் விக்கறதில்ல. சும்மா நின்னவங்களைக் கடிக்கிற நாய்க்கு ஒண்ணு, பயத்துல கடிக்கிறதுக்கு வேற ஒண்ணு. மாத்திக் குடுத்தா நாய் கெட்டுப் போயிடும். அப்புறம் நெசமாவே கடிக்கும்."

மறுபடியும் அதே கேள்வி. நோட்டு இல்லை, கட்டம் இல்லை, விபூதி வைத்த நர்ஸ் இல்லை. தோல் வாசம்தான், எண்ணெய் வாசம், நல்ல தோல். பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, பத்து நாளாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பானது, வாயைத் திறந்தால் போதும், விழுந்துவிடும். சொன்னால் மசில் கைக்கு வரும், நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி வரும், எட்டு வருஷம். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இரைச்சல் கூடியது. முன்னூறு நாய்களும் ஒன்றாகக் குரைத்த மாதிரி இருந்தது, அல்லது நிஜமாகவே குரைத்திருக்கலாம்.

"இன்னுமா நின்னுட்டு இருக்கற?" தங்கராசு வந்துவிட்டார். நெற்றியில் வேர்வை, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தார், கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று. ரெஹானாவின் கையிலிருந்த மசிலை இடது கையால் வாங்கி முகர்ந்தார், ரிவெட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. கட்டிக் குடும்மா."

"இவரைத்தானாக்கா?" என்றாள் ரெஹானா. பிறகு அவரைப் பார்த்து, "அண்ணே, அது கடிக்கறப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"என்ன பண்ண, சும்மா நின்னுட்டு இருந்தேன். தானா வந்து கடிச்சுது." மெதுவாகத் திரும்பி மகுடேஸ்வரியைப் பார்த்தார், அதே பார்வை, ஆஸ்பத்திரிப் பார்வை. "கேட்டுப் பாரு இவள."

"சும்மா நிக்கலீங்" என்றாள் மகுடேஸ்வரி. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு காதால் கேட்டுக்கொண்டு பேசினால் சத்தம் எவ்வளவு என்று தெரிவதில்லை போலிருக்கிறது. பக்கத்துக் கடையில் சங்கிலி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். "என்னைய அடிச்சாரு. காதுல. போன வெக்கற வரைக்கும் பொறுத்திருந்து அடிச்சாரு. மறுக்கா அடிக்கறதுக்குக் கைய ஓங்குனாரு. ஓங்குன கையத்தான் அது புடிச்சுது. கடிக்கலீங்க. புடிச்சுது. இவரு இழுத்ததுல கிழிஞ்சுது. நாந்தான் ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னேன்."

ஒலிபெருக்கி நூற்று நாற்பத்தேழாம் நம்பரை மூன்றாம் களத்துக்குக் கூப்பிட்டது. தங்கராசுவின் முகம் உலையில் இருந்து எடுத்த இரும்பின் நிறத்துக்குப் போய், அப்படியே சாம்பலாக இறங்கியது. ரெஹானா அவர் கையிலிருந்து மசிலை வாங்கினாள், பிடுங்கவில்லை, வாங்கினாள், பின்னால் திரும்பிக் கம்பியில் அதே இடத்தில் மாட்டினாள். "இந்தப் பக்கக் காதாக்கா?" என்றாள், தன் இடது காதைத் தொட்டுக் காட்டி. "இதை விடாதீங்க. நாளைக்கே காமிச்சிடுங்க."

மகுடேஸ்வரி தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அடி வாங்கினபோது வராதது, இப்போது ஒருத்தி எந்தக் காது என்று கேட்டதும் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

"வா" என்றார் தங்கராசு, பல்லுக்குள். "ஊரு நடுவுல என்ன பேச்சு இது. வா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய். வீட்டில் நாலு சுவர், கழுவித் துடைத்த கை, கட்டான போன். அங்கே அவர் பேசுவார். நாளைக்கு ஆறு மணிக்குப் பிறகு ஓங்கிய கையைப் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அவள் கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டாள், காலண்டர் தாளையும். பிறகு போனை எடுத்து மச்சாண்டாரின் நம்பரை அழுத்தி வலது காதில் வைத்தாள்.

"யாருக்குடி போன்? ஏய், நான் பேசிக்கறேன், குடு." தங்கராசுவின் நல்ல கை மேலே எழுந்தது, போனைப் பிடுங்கவோ வேறு எதற்கோ தெரியாது, எழுந்து பாதியில் நின்றது. இரண்டடி தள்ளி அந்தப் பெரிய சாம்பல் நாய் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. ஓங்கட்டும் என்று நினைத்தாள் மகுடேஸ்வரி. ஓங்கிப் பார்க்கட்டும். இங்கே முன்னூறு இருக்கிறது.

"மாமா, நான் மகுடம் பேசறனுங். நாளைக்கு வண்டி அனுப்பாதீங்க. பூச்சி வரலீங். தாரணியப் பாக்கறதுக்கும் யாரையும் வரச் சொல்லாதீங்க, அதையும் மறுக்கா சொல்லிக்கறேன்."

மறுமுனையில் ஏதோ இரைந்தது, அவன் எங்கே, அவங்கிட்டக் குடு என்று. அவள் கணவரைப் பார்த்தாள், பாதியில் நின்ற கையோடு.

"அவரு இங்கதானுங் இருக்கறாரு" என்றாள். "சும்மாதான் நிக்கறாரு."